ஜாக்கி தூக்கும், தாங்காது

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். உங்க வீட்டு கார் டிக்கியில ஜாக்கி எந்த இடத்துல இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? வீட்ல கார் இல்லைன்னா மாமா வீட்டு கார், பெரியப்பா வீட்டு கார், எதுவா இருந்தாலும் சரி. எங்க கிளாஸ்ல இதைக் கேட்டுப் பார்த்தேன். மெக்கானிக்கல் ஃபைனல் இயர். கை தூக்கினவங்களை ஒரு கை விரல்ல எண்ணிடலாம். அதுல ரெண்டு பேர் "ஸ்டெப்னிக்குக் கீழ இருக்கும்னு நினைக்கிறேன்"னு இழுத்தாங்க.

நான் அவங்களைக் கிண்டல் பண்ண வரல. ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் நானும் அப்படித்தான். அதுக்கு என் வலது கை முட்டியில ஒரு தழும்பு சாட்சி.

எங்க வீடு பாலக்கரை. பிரபாத் ரவுண்டானாவுக்கும் சகாய மாதா கோயிலுக்கும் நடுவுல பிரியுற சந்துகள்ல ஒண்ணு. ரெண்டு பைக் எதிரெதிரே வந்தா ஒண்ணு ஒதுங்கி நிக்கணும், அவ்வளவுதான் அகலம். அந்தச் சந்துலதான் அப்பாவோட பழைய ஆல்ட்டோ நிக்கும். செகண்ட் இயர் ஸ்டடி ஹாலிடேஸ்ல எனக்கு ஒரு ஆசை வந்துச்சு. ஆயில் சேஞ்சை நானே பண்ணா என்ன? யூடியூப்ல ஒரு அமெரிக்கக்காரர் பதினோரு நிமிஷத்துல முடிச்சிட்டார். நான் மெக்கானிக்கல் ஸ்டூடன்ட் வேற.

டிக்கியில இருந்த சிசர் ஜாக்கியை எடுத்தேன். உயரம் பத்தாதுன்னு அதுக்கடியில ஒரு செங்கல் வச்சேன். முன்பக்கம் இடது மூலையைத் தூக்கி, கை நுழைய வசதியா இருக்கட்டும்னு டயரையும் கழட்டிட்டேன். அப்புறம் மல்லாந்து படுத்து, உள்ளே கையை விட்டு, டிரெய்ன் நட்டுல ஸ்பேனரை மாட்டினேன். நட்டு அசையல. பல வருஷமா யாரோ மிதிச்சு மிதிச்சு டைட் பண்ண நட்டு அது.

அந்த நேரத்துல எங்க மாமா வந்தார். பக்கத்துத் தெருவுல ஷெட் வச்சிருக்கார். நான் படுத்திருந்த கோலத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசல. நான் கழட்டிச் சுவத்துல சாத்தி வச்சிருந்த டயரை உருட்டிட்டு வந்து, படுக்கப் போட்டு, காலால கார் அடியில, கதவுக்குக் கீழ தள்ளினார். "தலையை வெளியில எடுத்துட்டு இழுடா"ன்னு மட்டும் சொல்லிட்டு டீக்கடைப் பக்கம் போயிட்டார்.

தலையை வெளியே எடுத்தேன். கையை மட்டும் உள்ளே வச்சுக்கிட்டு, பல்லைக் கடிச்சு ஸ்பேனரைப் பக்கவாட்டில் இழுத்தேன். நட்டு சுத்தல. கார் நகர்ந்தது. கொஞ்சம்தான், ஒரு ரெண்டு விரல் அளவு. செங்கல் நடுவில் பிளந்து, ஜாக்கி சாய்ந்து, கார் இறங்கிவிட்டது. இறங்கி, மாமா தள்ளிவிட்டுப் போன டயர் மேல உட்கார்ந்தது. அந்த டயரின் அகலம் ஒரு சாணுக்கும் குறைவு. அந்த இடைவெளியில்தான் என் கை இருந்தது. முட்டித் தோல் உரிஞ்சதோட போச்சு. டயர் இல்லாம இருந்திருந்தா இந்தக் கட்டுரையை இடது கையால டைப் பண்ணிட்டு இருப்பேன். மாமா ரெண்டு நிமிஷம் தாமதமா வந்திருந்தா, கட்டுரையே இருந்திருக்காது. ஏன்னா அதுவரைக்கும் என் தலையும் உள்ளேதான் இருந்தது.

மாமா எட்டாவது வரைக்கும் படிச்சவர். அந்த செமஸ்டர்ல இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் கணக்குகளை நான் கண்ணை மூடிக்கிட்டுப் போடுவேன்.

கணக்கு தெரியும், காரியம் தெரியாது

அன்னைக்கு என்ன நடந்ததுன்னு இப்போ என்னால விளக்க முடியும். இப்போ விளக்கி என்ன பிரயோஜனம்னு நீங்க கேட்கலாம். அதேதான் என் வாதமும். அந்த விளக்கத்துக்குத் தேவையான ஒவ்வொரு துண்டும் நம்ம சிலபஸ்ல ஏற்கனவே இருக்கு. யாரும் அதைச் சேர்த்துக் காட்டல.

சிசர் ஜாக்கியோட திருகாணி தானா இறங்காது. மரையின் சாய்வுக் கோணம் உராய்வுக் கோணத்தை விடக் குறைவு, அதனால செல்ஃப் லாக்கிங். இது நாம எழுதி மார்க் வாங்கின கேள்வி. ஆனா அந்தக் கேள்வித்தாள்ல சுமை எப்பவும் நேர் கீழ்நோக்கித்தான் வரும். நிஜத்தில் கார் விழுவது பெரும்பாலும் ஜாக்கி நசுங்குவதால் இல்லை, சாய்வதால். சின்ன கார் 700, 800 கிலோ இருக்கும். ஒரு மூலையைத் தூக்கினா ஜாக்கி மேல 200, 300 கிலோ வரும். அதைத் தாங்குறது ஜாக்கிக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லை. ஆனா உயர உயர அதோட அடித்தட்டு நம்ம உள்ளங்கை அளவேதான். இறுகின நட்டை நாம பக்கவாட்டில் இழுக்கும்போது, ஜாக்கி எதுக்காகச் செய்யப்படலையோ அந்த விசையைத்தான் அதுக்குக் கொடுக்கிறோம்.

செங்கல் விஷயமும் அப்படியே. செங்கல் பிரிட்டில். வளையாது, முனகாது, எச்சரிக்காது. ஒரு முனையில் பாரம் குவிஞ்சா பட்டுனு பிளக்கும். ஹாலோ பிளாக் அதை விட மோசம். மரக்கட்டை அப்படி இல்லை, நசுங்கும், கிறீச்சிடும், நமக்கு ஒரு நொடி அவகாசம் கொடுக்கும். லாரி கிளீனர் அண்ணன்கள் கையில் செங்கல் இல்லாம மரக்கட்டை இருக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு. நாம அதை டக்டைல், பிரிட்டில்னு ரெண்டு கிராஃபா வரைஞ்சோம். அவங்க கட்டையாவே வச்சிருக்காங்க.

"ஹைட்ராலிக் ஜாக்கி வாங்கிட்டா பிரச்சினை தீர்ந்தது"ன்னு ஒரு நண்பன் சொன்னான். இல்லை. பாஸ்கல் விதியை வச்சு ஜோசப் பிராமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினது 1795ல. தூக்குறதுக்கு அதைவிட அழகான கருவி கிடையாது. ஆனா தூக்கின பிறகு அந்த மொத்தச் சுமையும் நிற்பது எண்ணெய் மேல. அந்த எண்ணெயைப் பிடிச்சு வச்சிருப்பது ஒரு ரப்பர் சீலும், ஒரு குட்டி வால்வும். வால்வு உட்காருற இடத்துல ஒரு துளி மண் இருந்தா போதும், ஜாக்கி மெதுவா இறங்க ஆரம்பிக்கும். சீல் கிழிஞ்சா மெதுவாக்கூட இறங்காது.

அதனாலதான் கார் கூட வர்ற கையேட்டுல டயர் மாத்துறதுக்கு மட்டும்தான் இந்த ஜாக்கி, வண்டிக்கு அடியில போகாதேன்னு போட்டிருப்பாங்க. அந்தப் புத்தகம் எல்லார் வீட்டு டேஷ்போர்டுலயும் பிளாஸ்டிக் கவர் பிரிக்காம இருக்கு.

சரி, எப்படித்தான் தூக்குறது?

சுருக்கமா சொல்றேன். இதுல எதுவும் ராக்கெட் சயின்ஸ் இல்லை, ஆனா வரிசை முக்கியம்.

சமதரை. கெட்டியான தரை. சிமென்ட் தளம் நல்லது. தார் ரோடு வேண்டாம். கத்திரி வெயில்ல திருச்சி தார் எப்படி இளகும்னு செருப்பு ஒட்டினவங்களுக்குத் தெரியும். ஜாக்கியோட அடித்தட்டு அதுல அப்படியே புதையும். வேற வழியே இல்லைன்னா தடிமனான ஒரு பலகையை அடியில போடுங்க. ஐப்பசி மழை ஊறின மண்ணைப் பத்திச் சொல்லவே வேண்டாம்.

அடுத்து, வண்டி உருளக்கூடாது. ஹேண்ட் பிரேக் போட்டாச்சு, கியர்லயும் விட்டாச்சு, போதாதா? போதாது. நம்ம ஊர் சின்ன கார்கள்ல பெரும்பாலும் ஹேண்ட் பிரேக் பிடிக்கிறது பின் சக்கரங்களை மட்டும். என்ஜின் இழுக்கிறது முன் சக்கரங்களை. ட்ராலி ஜாக்கி வச்சுப் பின்பக்கம் ரெண்டு சக்கரத்தையும் தூக்கிட்டீங்கன்னா, ஹேண்ட் பிரேக் காத்தைத்தான் பிடிச்சிட்டு இருக்கும். முன்பக்கம் ஒரு சக்கரத்தைத் தூக்கினா கியர் உதவாது. டிஃபரன்ஷியல் இருக்கிறதால, தூக்கின சக்கரம் எதிர்த்திசையில சுத்தும், தரையில இருக்கிற சக்கரம் தாராளமா உருளும். தேர்டு இயர்ல டிஃபரன்ஷியல் படம் வரைஞ்சு பதிமூணு மார்க் வாங்கினோமே, அதுதான். ஆகவே கட்டை. தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு, முக்கியமா தூக்குற மூலைக்கு எதிர்மூலைச் சக்கரத்துக்கு, முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு.

வீல் நட்டை வண்டி தரையில இருக்கும்போதே அரைச் சுத்து தளர்த்திடுங்க. தூக்கின பிறகு ஏறி மிதிக்கிற வேலையே வேண்டாம். திரும்ப மாட்டும்போது, கடைசி டைட் வண்டி தரைக்கு வந்த பிறகுதான்.

ஜாக்கி வைக்கிற இடம். கதவுக்குக் கீழ நீளமா ஓடுற தகட்டு விளிம்பை விரலால தடவிப் பாருங்க. முன் சக்கரத்துக்குப் பின்னாடியும், பின் சக்கரத்துக்கு முன்னாடியும் ரெண்டு ரெண்டு சின்ன வெட்டு இருக்கும். அந்த ரெண்டு வெட்டுக்கும் நடுவுலதான் ஜாக்கி. வேற எங்க வச்சாலும் தகடு உள்ளே போகும், இல்லைன்னா ஜாக்கி வழுக்கும். ட்ராலி ஜாக்கியா இருந்தா ஒரு விஷயம்: அதோட சக்கரங்களுக்குக் கட்டை போடாதீங்க. கார் உயரும்போது நேரா உயராது, ஒரு வில் மாதிரி வளைஞ்சுதான் உயரும். ஜாக்கி அது கூடவே உருண்டு வரணும்.

டயர் மட்டும் மாத்தணும்னா இத்தோட முடிஞ்சது. காருக்கு அடியில கையோ தலையோ போகணும்னா, ஸ்டாண்ட் இல்லாமப் போகாதீங்க. தூக்கினதும் பக்கத்துலயே ஸ்டாண்டை வச்சு, வண்டியை அது மேல இறக்குங்க. ஜாக்கியை எடுத்துடாம லேசாத் தொட்டபடி விட்டு வையுங்க. கழட்டின டயரை அடியில தள்ளுங்க. ஸ்டாண்டும் போய், ஜாக்கியும் போனா, மூணாவது ஆள் அவர். அப்புறம், அடியில போறதுக்கு முன்னாடி காரை ஒரு தள்ளு தள்ளிப் பாருங்க. நல்லாவே தள்ளுங்க. விழணும்னா இப்பவே விழட்டும். நீங்க வெளியில இருக்கும்போது விழுந்தா அது செலவு மட்டும்தான். உள்ளே யாரையும் உட்கார வைக்காதீங்க, தனியா செய்யாதீங்க. விழப் போகுதுன்னு தெரிஞ்சா கையால தாங்கப் பார்க்காதீங்க, விலகிடுங்க.

இது எல்லாத்தையும் ஒரே வரியில சொல்லலாம். ஜாக்கி தூக்குறதுக்கு, ஸ்டாண்ட் தாங்குறதுக்கு. நம்ம பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பை எடுத்துக்கோங்க. 1920கள்ல நாகப்பட்டினத்துல இருந்து இங்க வந்த பட்டறை, ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி என்ஜினே செஞ்ச இடம். ரயில் பெட்டியைத் தூக்கி அடியில வேலை பார்க்கணும்னா, தூக்குறது கிரேனோ ஜாக்கியோ. வேலை நடக்கும்போது பெட்டி உட்கார்ந்திருக்கிறது டிரெஸ்ஸல்னு சொல்ற இரும்புத் தாங்கிகள் மேல. தூக்குற கருவி வேற, தாங்குற கருவி வேற. நம்ம வீட்டு வாசலில் இருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் வழக்கமா இருக்கிற ஒரு அறிவு, நம்ம வாசலுக்கு வந்து சேரல.

மாமாவிடம் கேட்ட கேள்வி

இதுவரைக்கும் எழுதினதைப் படிச்சா, மாமாவை ஹீரோவாக்கி ஒரு கட்டுரை மாதிரி இருக்கும். அது பாதி உண்மைதான்.

போன வருஷ லீவுல அவர் ஷெட்டில் கொஞ்ச நாள் உட்கார்ந்திருந்தேன். எனக்கு டயர் தள்ளிவிட்ட அதே மாமா, வெறும் ஜாக்கி மேல நின்ன ஒரு வேனுக்கு அடியில பாதி உடம்போட கிடந்தார். என்னால தாங்க முடியல. வெளியே வந்ததும் கேட்டேன், "எனக்கு மட்டும் டயர் போட்டீங்களே மாமா?" துணியில கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னார்: "நீ அக்கா பையன்டா. இது தொழில்."

அந்த பதில் என்னை விடவே இல்லை. மெதுவா பேசிப் பார்த்ததுல விஷயம் வந்துச்சு. ஷெட்டில் ஒரு ஜோடி ஸ்டாண்ட் இருக்கு. அது கியர் பாக்ஸ் இறக்கி நாலு நாளா நிக்கிற வண்டிக்கு அடியில இருக்கு. அடுத்து வர்ற வண்டிக்கு ஸ்டாண்ட் இல்லை. வந்த ஆள் நின்னுக்கிட்டே "அண்ணே, பத்து நிமிஷ வேலைதானே, ஆபீஸுக்கு லேட்டாகுது"ங்கிறார். ஸ்டாண்ட் வச்சு இறக்கி, ஆட்டிப் பார்த்து வேலை செய்ய இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. ஐம்பது ரூபாய் சேர்த்துக் கேட்டா பேரம். அந்த "அண்ணே, சீக்கிரம்" சொல்ற ஆள் யாரு? நாமதான். நம்ம அப்பாக்கள்தான்.

அதனால "மெக்கானிக்குகளுக்கு விழிப்புணர்வு இல்லை"ன்னு எழுதுறது சுலபம், ஆனா பொய். மாமாவுக்கு என்னை விட நல்லாவே தெரியும். தெரிஞ்சே இறங்குறார். அவரை விட எனக்குக் கவலை, அங்க வேலை கத்துக்க வந்திருக்கிற பையனைப் பத்தி. என்னை விட மூணு வயசு சின்னவன். மாமா எப்படிப் படுக்கிறாரோ அப்படியே படுக்கிறான். அவனுக்கு அதுதான் பாடம். ஆயுத பூஜை அன்னைக்கு ஜாக்கிக்குச் சந்தனம் குங்குமம் வச்சது அவன்தான். மறுநாள் காலையில அதே ஜாக்கியை நம்பி உள்ளே போனான்.

"முப்பது வருஷமா இப்படித்தான் செய்றோம், ஒண்ணும் ஆகல"ன்னு சொல்றவங்ககிட்ட ஒரு மரியாதையான மறுப்பு. ஒண்ணும் ஆகாதவங்கதான் இப்போ வந்து சொல்றாங்க. ஆனவங்க சொல்ல வர மாட்டாங்க.

நாம என்ன செய்யலாம்?

முதல்ல எனக்கு வந்த யோசனையைச் சொல்லிடறேன், அது தப்புன்னும் சொல்லிடறேன். ஃபர்ஸ்ட் இயர் இ.பி. லேப்ல நாம வெல்டிங் பண்ணோமே, ப்ராஜெக்ட்டா ஸ்டாண்ட் செஞ்சு பாலக்கரை ஷெட்டுகளுக்குக் கொடுத்தா என்னன்னு நினைச்சேன். கேட்க நல்லா இருக்கு, போஸ்டர் பிரசன்டேஷனுக்கு அருமை. அப்புறம்தான் 2020ல அமெரிக்காவுல நடந்ததைப் படிச்சேன். ஹார்பர் ஃப்ரைட்ங்கிற பெரிய கருவிக் கடை நிறுவனம், தாங்கள் வித்த ஸ்டாண்டுகள்ல பல் சரியாப் பிடிக்காம வழுக்கலாம்னு, சுமார் 17 லட்சம் ஸ்டாண்டுகளைத் திரும்ப அழைச்சது. அதுக்கு மாற்றாக் கொடுத்த ஒரு மாடலையும் சில மாசத்துல திரும்ப அழைக்க வேண்டியதாச்சு. காரணம், வெல்டிங் கோளாறு. தொழிற்சாலையே தடுமாறுற இடத்துல, என்னோட இ.பி. லேப் வெல்டிங்கை நம்பி ஒரு பையன் படுக்கணுமா? என் வெல்டிங்கை நீங்க பார்த்ததில்லை. சார் பார்த்திருக்கார். (மூணாவது ஆளா டயரையும் தள்ளச் சொன்னது இதனாலயும்தான்.)

அதனால என் கோரிக்கை ரொம்பச் சாதாரணமானது.

ஒண்ணு, இ.பி. லேப்ல ஒரே ஒரு மதியம். தச்சு வேலை, பிளம்பிங், வெல்டிங்கோட சேர்த்து, ஒரு பழைய காரைத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வச்சு, தள்ளிப் பார்த்து, இறக்கணும். மெக்கானிக்கல் மட்டும் இல்லை, சிஎஸ், ஈசிஇ எல்லாரும். பசங்க பொண்ணுங்க எல்லாரும். நடுராத்திரி பஞ்சர் ஆனா டயருக்கு உங்க டிபார்ட்மென்ட் தெரியாது.

ரெண்டு, ஒவ்வொரு சிம்போசியத்துக்கும் நாம அடிக்கிற ஃப்ளெக்ஸில் ஒரு ஃப்ளெக்ஸைக் குறைச்சுக்கலாம். தரமான ஒரு ஜோடி ஸ்டாண்டோட விலை, நாம போட்டிருக்கிற ஷூ விலைக்குப் பக்கத்துலதான் இருக்கும். அசோசியேஷன் காசுல வருஷத்துக்கு நாலு ஜோடி வாங்கி, நாலு ஷெட்டுக்குக் கொடுக்கலாம். கூட நின்னு போட்டோ எடுக்காம கொடுத்தா இன்னும் நல்லது.

மூணாவதுக்குக் காசே வேண்டாம். அடுத்த தடவை வண்டியை ஷெட்டுக்கு எடுத்துட்டுப் போனா, "அண்ணே, ஸ்டாண்ட் போட்டுக்கோங்க, நான் வெயிட் பண்றேன்"னு சொல்லுங்க. அவ்வளவுதான். நான் சொல்லிப் பார்த்திருக்கேன். முதல்ல ஏற இறங்கப் பார்ப்பாங்க. அப்புறம் போட்டுப்பாங்க.

மாமா ஷெட்டுக்கு, இன்டர்ன்ஷிப்ல வந்த ஸ்டைபண்டுல ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். "எதுக்குடா காசைக் கரியாக்குற"ன்னு திட்டிட்டு மூலையில வச்சார். ரெண்டு வாரம் கழிச்சுப் போனப்ப மாமா இல்லை, வெளியில பார்ட்ஸ் வாங்கப் போயிருந்தார். அந்தப் பையன் மட்டும் ஒரு கார் பக்கத்துல நின்னான். கார் ஸ்டாண்ட் மேல இருந்துச்சு. என்னைப் பார்த்ததும் பானெட் மேல ரெண்டு கையையும் வச்சு, வேணும்னே பலமா ஒரு தள்ளு தள்ளிக் காட்டினான்.

கார் அசையல. அப்புறம்தான் அவன் உள்ளே போனான்.